பேரை எழுதிக்குவாங்களா?

"அங்கே போனால் பேரை எழுதி வாங்கிக்குவாங்களா?"

குடியை விடத் துணைக்குழு தேடும் நண்பர் இன்று கேட்ட முதல் கேள்வி இதுதான். விட முடியுமா என்றுகூடக் கேட்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். (குடித்துவிட்டுத் தெருவில் நடந்தபோது இந்தப் பயம் எங்கே போயிருந்ததோ!)

குடியை விட நினைப்பவர்களின் துணைக்குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் முழுப்பெயர் சொல்ல வேண்டாம். கட்டணம் கிடையாது. நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தாலே உறுப்பினர்தான்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் பேசிக்கொண்டதில் தொடங்கியது இது. இருவருமே குடியால் நொந்தவர்கள். பட்டவர் பட்டவரிடம் பேசுவது, அதுதான் அடிப்படை.

வாயே திறக்காமல் உட்கார்ந்து கேட்கலாம். எல்லோருக்கும் திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தினரும் வரலாம். ஒரு குழு ஒத்துவரவில்லையா, இன்னொன்றைப் பாருங்கள். ஆட்கள் மாறினால் சூழலே மாறும்.

ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம். பக்கத்தில் எங்கே குழு இருக்கிறது என்று அவரிடமே கேட்கலாம்.

எல்லாம் சொன்னேன்.

"சரி, துணைக்கு நீயும் வா" என்கிறார். போகிறேன்.