கிருமியின் பெயர் தெரியும்வரை

தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய மறுநாள் அப்பாவுக்கு முதுகுவலி தொடங்கியது. பழியைக் குடத்தின்மேல் போட்டுவிட்டோம். அவருக்கு 64 வயது, நெடுநாள் சர்க்கரை. தெருமுனை மருத்துவர் ஊசி போட்டார், எக்ஸ்ரே எடுத்தோம், "வயதின் தேய்மானம்தான்" என்றார்கள். எலும்பில் கிருமி குடியேறிய பிறகும் முதல் சில வாரங்களுக்கு எக்ஸ்ரே ஒன்றும் காட்டாமல் இருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சுளுக்கும் பிடிப்பும் படுத்தால் அடங்கும். அப்பாவுக்கோ படுத்தால்தான் அதிகம். இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நடுவில் லேசாகக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சல் நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்காவது வாரம் இரத்தம் கொடுத்துப் பார்த்தபோது, உடலுக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். அளவு 96, மிக அதிகம். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடுப்புப் பகுதியில் மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புகளும் அவற்றுக்கு நடுவில் மெத்தைபோல் இருந்த வட்டும் (டிஸ்க்) அரிக்கப்பட்டிருந்தன. படத்தைப் பார்த்த முதல் மருத்துவர், "நம் ஊரில் இது பெரும்பாலும் டி.பி.தான், இன்றே மாத்திரையைத் தொடங்கிவிடலாம்" என்றார். செய்தி கேட்ட அத்தை, "எலும்புருக்கியா? நம் வம்சத்திலேயே கிடையாதே" என்று அழுதார்.

இரண்டாவது மருத்துவர் அவசரப்படவில்லை. காசநோய் பெரும்பாலும் வட்டைச் சில காலம் விட்டுவைக்கும், சீழ்க்கிருமிகள் அதைச் சீக்கிரமே தின்றுவிடும், இங்கே வட்டு போய்விட்டது என்று விளக்கினார். "ஆனாலும் படத்தை மட்டும் நம்பி மாதக்கணக்கில் மருந்து கொடுக்க மாட்டேன். கிருமி எது என்று தெரிய வேண்டும்." இரண்டு கைகளிலும் இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார். ஐந்து நாள் ஆகியும் எதுவும் வளரவில்லை.

"இதற்கு முன் ஆன்டிபயாட்டிக் ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். அந்த மாத்திரை கிருமியை அடக்கியிருந்தால் கல்ச்சரில் வளராதாம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

எலும்பிலிருந்தே துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்குமுன் பத்து நாள் எந்த ஆன்டிபயாட்டிக்கும் கூடாது என்றார். கால்களில் பலம் குறையவில்லை, காய்ச்சலும் இல்லை, அதனால்தான் காத்திருக்கத் துணிந்தார். கால் மரத்தாலோ, தள்ளாடினாலோ, சிறுநீர் அடைத்தாலோ நள்ளிரவானாலும் வந்துவிட வேண்டும். "மருந்து கொடுக்காமல் இருக்கவும் ஒரு டாக்டரா?" என்றார் அத்தை. எனக்கும் அதே கேள்விதான், வாய்விட்டுக் கேட்கவில்லை. காலையும் மாலையும் அப்பாவின் பாதத்தை என் உள்ளங்கையில் வைத்து, "அழுத்துங்கள் அப்பா" என்பேன். அந்தப் பத்து நாள்தான் இந்த நோயிலேயே நீளமானது.

சி.டி. பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தி எலும்புத் துணுக்குகளை எடுத்தார்கள். வெளியே வந்த உதவியாளரின் கையில் ஒரே புட்டி, உள்ளே ஃபார்மலின். நெஞ்சு திக்கென்றது. ஃபார்மலினில் விழுந்தால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் எதுவும் வளராது என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். நல்லவேளையாகப் பாதிதான் அதில் போயிருந்தது. மீதியை உப்புநீர் இருந்த சுத்தமான புட்டியில் வாங்கிக்கொண்டு, லிஃப்ட்டுக்குக் காத்திராமல் நானே ஆய்வகத்துக்கு ஓடினேன்.

டி.பி.க்கான சிபிநாட் சோதனையில் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் கல்ச்சரில் வளர்ந்தது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். எலும்பில் சீழ் பிடிக்க வைப்பதில் முதல் குற்றவாளி அதுதானாம். பழைய மருந்துகளுக்கே கட்டுப்படும் வகை. டி.பி. மாத்திரையைத் தொடங்கியிருந்தால் எவ்வளவு காலம் தவறான சாலையில் போயிருப்போம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மொத்தம் ஆறு வாரச் சிகிச்சை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கிராம் செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை நரம்பில் ஏற்றினார்கள். ஆறு வாரமும் ஊசிதானா என்று கேட்டேன். எலும்பு, மூட்டுத் தொற்றுகளுக்குச் சரியாகத் தேர்ந்தெடுத்த மாத்திரை ஊசிக்குச் சளைத்ததில்லை என்று 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியதாகச் சொல்லி, இரண்டு வாரத்துக்குப் பிறகு மாத்திரைக்கு மாற்றினார். அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தச் சோதனையை வாரம் ஒருமுறை பார்த்தோம். 132இல் தொடங்கி, ஆறாவது வாரம் 5க்கு இறங்கியது. மறுபடி எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றார். நோய் குணமாகும்போதும் படம் மோசமாகவே தெரியக்கூடும், பார்த்துப் பயப்படுவதுதான் மிச்சமாகும்.

கிருமி எங்கிருந்து வந்தது? அப்பாவின் கால்விரல் இடுக்கில் ஆறிக்கொண்டிருந்த ஒரு வெடிப்பை மருத்துவர் காட்டினார். அதுவே வாசலாக இருந்திருக்கலாம். சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய கால், அவருக்கு வலிக்கவே இல்லை. இப்போது தினமும் படுக்கும்முன் டார்ச் அடித்து அவர் பாதங்களைப் பார்க்கிறேன். "திருடனைத் தேடுகிற மாதிரி என் காலில் என்னடா பார்க்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த காலை நீட்டுகிறார்.