கத்திரி வெயிலில் நாட்டுமர நாற்றங்காலில்: ஒரு பயிற்சி மாணவியின் அனுபவம்

கோடைப் பயிற்சிக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மரம் நட்ட?" என்பதுதான். ஒன்றுகூட நடவில்லை. மே மாதத்தில் எங்கள் பக்கம் விவரம் தெரிந்த யாரும் மரம் நடமாட்டார்கள். திண்டிவனம், புதுச்சேரி வட்டாரத்துக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. நடவும் அதை ஒட்டித்தான். கோடையில் நடப்பதெல்லாம் விதை பொறுக்குவது, நாற்று எடுப்பது, மண் கலப்பது, போன மழைக்கு நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக் காப்பாற்றுவது. கல்லூரி விடுமுறையும் விதை பழுக்கும் பருவமும் ஒன்றாக வருவதால் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்று நினைக்கிறேன். விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் போனது கடலோரத்தின் உலர் பசுமைமாறாக் காட்டை மீட்கிற ஒரு நாற்றங்கால். ஆண்டில் பாதி நாள் மழையே பார்க்காத நிலத்தில், இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் காடு அது. வீரை, காசா, பாலை, இரும்பிலி, காட்டெலுமிச்சை எல்லாம் அதன் மரங்கள். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுகப் பரவியிருந்த காடு இன்று துண்டு துண்டாக, பெரும்பாலும் கோயில் காடுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அப்படிப்பட்டது. சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காததால் பிழைத்தது.

விண்ணப்பத்தில் இரண்டு வகை உண்டு. தன்னார்வலர் ஒரு வாரம், பத்து நாள் வந்து வேலை செய்துவிட்டுப் போகலாம். பயிற்சி மாணவர் விடுமுறை முழுவதும் தங்கி, தனக்கென ஒரு ஆய்வை எடுத்து, கடைசியில் அறிக்கை தர வேண்டும். இருவருக்கும் தங்குமிடமும் சாப்பாடும் கிடைத்தன. சிறு உதவித்தொகை பயிற்சி மாணவர்களுக்கு மட்டும். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் பெற்றோர் சம்மதமும் கேட்டார்கள். என் கல்லூரியில் அந்த ஒரு கையெழுத்துக்கு வாரக்கணக்கில் அலையவிட்டார்கள். ஆகவே கடிதத்தை முதலில் வாங்கி வையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. தொலைபேசியில் நடந்த நேர்காணலில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சே வரவில்லை. காலை ஆறு மணிக்கு வேலைக்கு நிற்க முடியுமா, வெயில் ஒத்துக்கொள்ளுமா, ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்றுதான் கேட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்துமா இருப்பதாகச் சொன்ன ஒரு மாணவிக்குத் தூசி இல்லாத வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

முதல் வாரம் முழுக்கப் பை நிரப்பும் வேலை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. கறுப்புப் பையில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தரையில் இரண்டு தட்டு தட்டி, மறுபடி போட்டு, மறுபடி தட்ட வேண்டும். மேலே ஒரு விரற்கடை இடம் விட்டால்தான் தண்ணீர் நிற்கும். தளர்வாக நிரப்பினால் பை நடுவில் மடங்கிவிடும், வேரும் அங்கேயே மடங்கும். இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அங்கே பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒரு ஆயா. நான் பாத்தியிலிருந்து நாற்றைத் தண்டோடு பிடித்துத் தூக்கப் போனபோது கையைத் தடுத்தார்.

"தண்டப் புடிக்காத பாப்பா. எலையப் புடி. எல போனா இன்னொண்ணு வுடும். தண்டு நசுங்குனா செடியே போச்சு."

"வேர் நீளமா இருக்கே ஆயா, பையில அடங்கலயே?"

"குச்சிய இன்னும் ஆழமா குத்து. வேரு நேரா எறங்கணும். சுருட்டி வச்சின்னா இப்ப ஒண்ணும் தெரியாது, பெரிய மரமாயி காத்துல சாயும்."

ஆணிவேர் சுருண்ட கன்று பிற்காலத்தில் நிலைக்காது என்பதை வகுப்பிலும் படித்திருந்தேன். அவர் குச்சியால் குழி போட்டு, வேரை இறக்கி, நாற்றைத் துளி மேலே இழுத்து நேராக்கி, விரலால் மண்ணை அணைத்த விதத்தைப் பார்த்த பிறகுதான் கைக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது விதை வேலை. ஒவ்வொரு விதைக்கும் ஒரு குணம். நாவலும் வேம்பும் காத்திருக்காது. சதையை மணலில் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, சீக்கிரமாக விதைத்துவிட வேண்டும். டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்தால் ஒன்றும் முளைக்காது. இலுப்பையும் அப்படித்தான். சரக்கொன்றை இதற்கு நேர்மாறு. விதையின் ஓடு அவ்வளவு கெட்டி, தண்ணீர் உள்ளேயே போகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கியதும் விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுவோம். காலையில் ஊதிப் பெருத்திருப்பவை மட்டும் பாத்திக்குப் போகும். ஊதாதவற்றுக்கு மீண்டும் வெந்நீர். நாவலில் இன்னொரு அதிசயம், ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனசு வராமல் நாங்கள் சில பைகளில் பிரித்து நட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் பிழைத்தன.

பாலைப்பழம் பொறுக்கப் போன காலைகள் தனி. மஞ்சள் நிறத்தில் வேப்பம்பழம் போலச் சின்னதாக இருக்கும். தித்திப்பு, கூடவே உதட்டில் ஒட்டும் பால். இலங்கையில் வன்னிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அங்கே இது சந்தைக்கே வரும். மரம் வைரம் பாய்ந்தது, வளர்ச்சி மிக மெது. சப்போட்டா ஒட்டுக்கட்ட இதன் கன்றைத்தான் வேர்ச்செடியாக வைக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. எங்களுக்கு இருந்த கட்டளைகள் சில: கோயில் காடு என்றால் பூசாரியிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், மரத்தை உலுக்கக் கூடாது, கீழே விழுந்ததை மட்டும் எடுக்க வேண்டும், ஒரே மரத்தடியைத் துடைத்து எடுக்கக் கூடாது. பறவைக்கும் வௌவாலுக்கும் பங்கு இருக்கிறது, அவை கொண்டுபோய்ப் போடுகிற விதைதான் காட்டை நகர்த்துகிறது. பல மரங்களிலிருந்து கலந்து எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே தாய்மரத்தின் பிள்ளைகளாக ஒரு தோப்பையே நட்டால், ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

அன்றாட நேரம் வெயிலை ஒட்டியே இருந்தது. ஆறிலிருந்து பத்து வரை வெளிவேலை. பிறகு கேழ்வரகுக் கூழும் மோரும் வெங்காயமும். நடுப்பகலில் யாரும் வெளியே நிற்கக் கூடாது. விதை சுத்தம் செய்வது, பெயர்ப்பலகை எழுதுவது போன்றவை நிழல்வலைக்கு அடியில். பொழுது சாய்ந்தபின் மறுபடி தண்ணீர் விடுவோம். பைகளை இடம் மாற்றும்போது கையை நேராக அடியில் விடாதீர்கள். ஈரத்துக்குத் தேள் வந்து படுத்திருக்கும், குச்சியால் புரட்டிப் பார்த்த பிறகே தூக்க வேண்டும். பைகளை இப்படி அவ்வப்போது நகர்த்தாவிட்டால் வேர் அடியைத் துளைத்து நிலத்தில் இறங்கிவிடும். பிறகு பிடுங்கி எடுத்த கன்று நடும்போது வாடிப்போகும்.

என் ஆய்வு, தாய்மரங்களின் பருவநிலைப் பதிவு. குறி கட்டிய மரங்களை வாரம் ஒருமுறை பார்த்துத் துளிர், பூ, காய், பழம் எந்த அளவில் இருக்கிறது என்று எழுதுவது. மந்தமான வேலை போலத் தோன்றும். ஆனால் எந்த மரத்தடிக்கு எந்த வாரம் கூடையோடு போக வேண்டும் என்பதை நாற்றங்கால் இந்த ஏட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. பெயர் தெரியாத செடிகளை அழுத்தி உலர்த்தி, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கப் போனோம். 1955-இல் தொடங்கிய நிறுவனம் அது. பயிற்சி இடம் கிடைக்காதவர்கள்கூட சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் தெருவிலுள்ள ஒரு வேம்பையோ புளியையோ தேர்ந்து இதே பதிவைச் செய்யலாம்.

2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியபோது, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது இலக்கு என்றார்கள். அதற்குக் கோடிக்கணக்கில் கன்று வேண்டும். கன்று வேண்டுமென்றால் விதை வேண்டும், விதை வேண்டுமென்றால் சரியான வாரத்தில் சரியான மரத்தடியில் ஆள் வேண்டும். வீரையும் இரும்பிலியும் நட ஆசைப்படுகிறவர்கள் இன்று நிறையப் பேர். அதன் கன்று வைத்திருக்கிற நாற்றங்கால்கள் மிகச் சில. எளிதாகக் கிடைப்பது என்பதற்காக எல்லா ஊரிலும் ஒரே நாலைந்து மரத்தை நட்டுக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த கோடைக்குப் போக விரும்புகிறவர்கள் பொங்கல் முடிந்ததும் எழுதத் தொடங்குங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: விதையை நீங்களே சேகரிக்கிறீர்களா, கன்று வெளியிலிருந்து வருகிறதா? போன ஆண்டு நட்டவற்றில் எவை பிழைத்தன என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா? பயிற்சி மாணவர்களுக்கு வேலை சொல்லித்தர யார் கூட இருப்பார்கள்? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிற இடத்துக்குப் போங்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி, மூடிய செருப்பு, சொந்தமாக ஒரு தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நவம்பரில் நடவுக்கு ஒரு வாரம் வருவதாக முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்போதுதான் அவர்களுக்கு ஆள் பற்றாக்குறை.