சருகைச் சேர்த்த பிறகுதான் கீரை முளைத்தது

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் சமையலறைக் கழிவை அங்கேயே உரமாக்கி, மொட்டைமாடியில் காய்கறி வளர்க்கிறோம். பல காலமாகப் பேச்சளவில் இருந்த யோசனை இது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து நாட்கணக்கில் புகைந்தபோதுதான், நம் வீட்டுத் தோலும் சக்கையும் அங்கேதான் போகின்றன என்பது எல்லோருக்கும் உறைத்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் மறுப்பே எழவில்லை.

இதில் இறங்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: ஈரக் கழிவுக்கு ஒருநாளும் பஞ்சம் வராது. பஞ்சமெல்லாம் சருகுக்குத்தான்.

காய்கறித் தோலிலும் மிஞ்சிய சோற்றிலும் நீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மிகுதி, கரிமச்சத்து (கார்பன்) குறைவு. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கோ தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமச்சத்து 25 முதல் 30 பங்கு வேண்டும். அதைக் கொடுப்பது காய்ந்த இலை. அது குறைந்தால் உரத்தொட்டி சொதசொதத்துக் காற்றோட்டம் அடைபடும், நாற்றம் கிளம்பும், தரைத்தளத்து வீடுகளிலிருந்து புகார் வரும். நல்ல திட்டங்கள் பல அந்தப் புகாரோடு முடிந்துபோகின்றன. ஒரு வாளிக் கழிவு கொட்டினால் மேலே ஒரு வாளிச் சருகாவது போட வேண்டும் என்பதை நாங்கள் சட்டமாகவே வைத்திருக்கிறோம்.

மாசி, பங்குனியில் வேம்பும் புங்கமும் இலை உதிர்க்கும்போதே சாக்குகளில் நிரப்பி, நனையாத இடத்தில் அடுக்கிவிடுவோம். தெருவில் குவித்த சருகுக்கு யாராவது தீ வைக்குமுன் போய்விட வேண்டும். எங்கள் தெருவைப் பெருக்கும் அக்கா எங்கே குவியல் இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார். அவர் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்ந்த இலை ஒன்றுகூடக் கிடைக்காது. தொட்டி ஈரத்தில் திணறுவதும் அப்போதுதான்.

தொட்டியில் தடித்த புழுக்கள் நெளிவதைப் பார்த்து மருந்தடிக்கச் சொன்னவர்கள் உண்டு. அவை 'பிளாக் சோல்ஜர்' எனப்படும் கரிய ஈயின் புழுக்கள். கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்ப்பவை. வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டு ஈயைப் போலச் சோற்றில் வந்து மொய்ப்பதும் இல்லை. பக்கத்துத் தெருவில் நாட்டுக்கோழி வளர்ப்பவர் இந்தப் புழுக்களைக் கேட்டு வாங்கிப்போகிறார். கோழி எரு எங்களுக்குத் திரும்பி வருகிறது.

மாடிக்கு வெறும் மண் ஆகாது. நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். பொறியாளரைக் கேட்டு, உத்தரங்களுக்கு நேர்மேலே செடித் தொட்டிகளை வைத்தோம். செம்மண், தென்னை நார்க்கழிவு, எங்கள் உரம் மூன்றும் சம பங்கு. நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பலமுறை அலசிய பிறகே கலக்க வேண்டும். ஆடியில் விதைத்த வெண்டையும் கத்தரியும் நன்றாகவே காய்த்தன. வெண்டையில் மாவுப்பூச்சி வந்தபோது வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தோம்.

இன்று கீரையும் மிளகாயும் பெரும்பாலும் மாடியிலிருந்தே வருகின்றன. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கோயம்பேட்டிலிருந்துதான், அதில் மாற்றம் இல்லை. உரம் எங்கள் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. அடுத்த கூட்டத்தில் எதிர்த்தெருக் குடியிருப்புக்காரர்களையும் அழைத்திருக்கிறோம்: அவர்கள் வளாகத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் இருக்கின்றன. சருகு அவர்களுடையது, உரம் இருவருக்கும் என்று கேட்கப்போகிறோம்.