தொப்பி கேட்காத கார்

14 செப்டம்பர் 2024, சனி

காலையில் காரில் மணி பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஸ்டீரியோவின் சின்னத் திரையில் கோடுகள் உதிர்ந்துகொண்டு வருவது இரண்டு வருடக் கதை. 8 எது, 3 எது, 9 எது என்று ஊகித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்று திரை முழுவதும் அணைந்துவிட்டது. பாட்டு மட்டும் வருகிறது. 2012-ல் காரோடு வந்த பெட்டி. பன்னிரண்டு வருடம் உழைத்திருக்கிறது, குறை சொல்லக் கூடாது.

ஆனாலும் சொல்வேன். இந்தக் காரில் எனக்கு மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத் தோலின் கனத்த ஒலி, கேட்டதே இல்லை. வலது பக்கத்து வலந்தலைச் சொற்கள் தட்டச்சுப் பொறி மாதிரி டிக் டிக்கென்று வந்து விழும்; இடது கை என்ன செய்கிறது என்பது வாசிப்பவருக்கே வெளிச்சம். சிறு வயதில் நாலு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டு விட்டவன் நான். விட்டவனுக்குத்தான் காது நீளம்.

இரவுச் சாப்பாட்டில் சேதியைச் சொன்னேன். மகளுக்குப் பெரிய தொடுதிரை வேண்டுமாம். அப்பாவுக்குத் திருகுகிற குமிழும் 101.4 ரெயின்போ ரேடியோவும் போதுமாம். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "எவ்வளவு ஆகும்?"

இருபதாயிரம் என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

கார்க் கதவை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். டங். எண்ணெய் தீர்ந்த டின். அப்பா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரைத் தேடுகிறாய் உள்ளே?" என்றார்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. வீட்டு ஸ்பீக்கரில் அந்தப் பின்பக்கத்தைப் பெட்டி அடைத்துவிடும். கார்க் கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். பின்பக்கக் காற்று அவற்றின் வழியே சுற்றி வந்து முன்பக்கத்தோடு கலந்து கீழ் ஒலிகளைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பதற்குத் தகடு தாளம் போடும். ஆகவே தொப்பியைத் தின்றது ஸ்டீரியோப் பெட்டி இல்லை, கதவு. இது புரிந்த பிறகும் கடைக்குப் போய்ப் பெட்டிகளைத்தான் பார்க்கப் போகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

21 செப்டம்பர், சனி

ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அண்ணா சாலையிலிருந்து திரும்பினவுடனே சீட் கவர், ஹாரன், விளக்கு என்று கைகாட்டிக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். மகளும் வந்திருந்தாள்.

முதல் கடையில் பத்து அங்குலத் திரை. "நாலு சேனல், சேனலுக்கு 50 வாட், மொத்தம் 200 வாட் சார்" என்றார் பையன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் 10 ஆம்பியர் ஃபியூஸ். இன்ஜின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். பெருக்கினால் 144 வாட். 144 உள்ளே போய் 200 வெளியே வருமென்றால் அந்தப் பெட்டியை மின்வாரியத்திடம் கொடுக்கலாம். விவரத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்ததில் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது: தொடர்ந்து தரக்கூடியது சேனலுக்கு 22 வாட். அதுதான் நியாயமான எண். இந்தப் பெட்டிகள் எல்லாவற்றிலுமே ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். 50 என்பது ஒலி உடைந்து சிதறும் கணத்தில் எட்டிப் பார்க்கும் எண். பையனிடம் சொல்லவில்லை, பாவம். மகளிடம் சொன்னேன், அவள் திரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நாலு கடை தள்ளி ஒரு வயதான பாய். அவர் விலை சொல்லவில்லை. "காரில் என்ன கேட்பீர்கள்?" என்று கேட்டார். கச்சேரி என்றேன். "அப்படியென்றால் திரைக்குப் பணம் கொடுக்காதீர்கள் சார். கதவுக்குக் கொடுங்கள்." என் நெஞ்சில் இருந்ததை வேறொருவர் வாயால் கேட்க அண்ணா சாலைவரை போக வேண்டியிருந்தது.

வாங்கியவை: குமிழ் உள்ள, திரை சின்னதாக இருக்கிற டூ-டின் யூனிட் 8,200 ரூபாய். முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல காம்போனென்ட் ஸ்பீக்கர், அதாவது கீழ் ஒலிக்கு வூஃபர் தனி, மேல் ஒலிக்கு ட்விட்டர் தனி, இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் தனி, 5,400. கதவின் அதிர்வை அடக்கும் டாம்பிங் தாள் 3,600. கப்ளரும் ஃபிரேமும் 1,100. யூனிட் மாட்டக் கூலி 800. மொத்தம் 19,100. மனைவியிடம் நிமிர்ந்து நின்று கணக்குச் சொன்னேன்.

டூ-டின் என்பது ஜெர்மன் தர அளவு. 180 மில்லிமீட்டர் அகலம், 100 உயரம். டேஷ்போர்டில் குழி அந்த அளவில் இருந்தால் எந்தக் கம்பெனிப் பெட்டியும் உட்காரும், ஓரத்து இடைவெளியை ஃபிரேம் மறைத்துவிடும். கப்ளர் என்பது காரின் பிளக்கிலிருந்து புதுப் பெட்டியின் பிளக்குக்குப் பாலம். அது இருந்தால் ஒரு ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. வெட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்லும் கடையிலிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

மகளுக்கு ஒரு போன் ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்தேன். வீடு வரும்வரை பேசவில்லை.

22 செப்டம்பர், ஞாயிறு

பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு ஒன்பது மணிக்கு டோர் பேடில், அதாவது கதவின் உள்பக்க மூடியில், கை வைத்தேன். கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைக் கண்டுபிடிக்கவே இருபது நிமிடம். பிறகு கீழ் மூலையிலிருந்து இழுத்தால் கிளிப்புகள் படபடவென்று விடுகின்றன. இரண்டு உடைந்தன.

உள்ளே தகட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. பலர் இதைக் குப்பை என்று கிழித்துவிடுகிறார்கள். கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். பத்திரமாக உரித்து வைத்தேன்.

பழைய ஸ்பீக்கரைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தேன்: 260 கிராம். பிளாஸ்டிக் சட்டம், காகிதக் கூம்பு, பின்னால் பொத்தான் மாதிரி ஒரு காந்தம். புதியது 940 கிராம். மனைவி தராசைப் பிடுங்கித் துடைத்து உள்ளே வைத்துவிட்டாள். பூரிக்கட்டை அப்போது என்னிடம்தான் இருந்தது என்பதை அவள் கவனிக்கவில்லை.

பூரிக்கட்டை எதற்கு என்றால், டாம்பிங் தாளை அழுத்தித் தேய்க்க. ஒரு பக்கம் பிசினாக ஒட்டும் பியூட்டைல் ரப்பர், மறுபக்கம் அலுமினியம். ஸ்பிரிட் போட்டுத் தகட்டைத் துடைத்து, கையை உள்ளே விட்டு வெளித்தகட்டில் முதலில் ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் உருட்ட வேண்டும். பிறகு உள்தகட்டின் ஓட்டைகளை மூட வேண்டும். முழங்கையில் மூன்று கீறல்.

ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புவோமே, அந்த வேலைதானே இது? எடை ஏறினால் தோலின் சுருதி இறங்கும், அதிர்வு அடங்கிக் கனக்கும். மிருதங்கத் தோலில் எடை ஏற்றினால் ஒலிக்கு என்ன ஆகிறது என்பதை சி.வி. ராமன் 1920-லேயே எழுதிவிட்டார். மடிப்பாக்கத்துக் கார்க் கதவு வரைக்கும் அது வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கதவின் அடியில் மூன்று நீளத் துளைகள், மழைநீர் வடிவதற்கு. ஒன்றை மூடிவிட்டேன், பார்த்துப் பிளேடால் வெட்டித் திறந்தேன்.

மாலை ஆறு மணிக்கு இரண்டு கதவும் முடிந்தன. தட்டினேன். தொப். அப்பாவைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னேன். "ஆள் வந்துவிட்டான் போல" என்றார்.

23 செப்டம்பர், திங்கள்

முதுகு.

28 செப்டம்பர், சனி

பாய் கடையில் யூனிட் மாட்டினார்கள். கப்ளரோடு கப்ளர், அரை மணி நேரம். அவசரமாக ஒரு கச்சேரியைப் போட்டேன்.

தொப்பி இல்லை. பழைய பெட்டியில் இருந்ததுகூட இல்லை. ட்விட்டரில் ஜால்ரா பளபளக்கிறது, குரல் பளிங்கு மாதிரி இருக்கிறது, கீழே யாரோ துடைத்துவிட்ட மாதிரி வெறிச்சென்று இருக்கிறது. பாய்க்கும் முகம் மாறியது. பேலன்ஸை ஒரேயடியாக வலது பக்கம் திருப்பினார், தொப்பி வந்தது. இடது பக்கம் திருப்பினார், வந்தது. நடுவில் வைத்தார், போய்விட்டது. சிரித்துவிட்டார். "யூனிட் சரிதான் சார். கதவு வேலை யார் செய்தது?"

29 செப்டம்பர், ஞாயிறு

நான்தான் செய்தேன்.

இடது கதவில் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுக்கிறது, இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. மேல் ஒலிகளில் அவ்வளவாகத் தெரியாது, கீழ் ஒலியில் சுத்தமாகத் தெரிந்துவிடும். சுவர்க் கடிகாரத்து 1.5 வோல்ட் செல்லை எடுத்து ஸ்பீக்கர் ஒயரில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். பிளஸுக்குப் பிளஸ் கொடுத்தால் கூம்பு வெளியே வர வேண்டும். வலது வந்தது. இடது உள்ளே போயிற்று. மாற்றினேன்.

கதவை மூடவில்லை, டோர் பேடைக்கூடப் பூட்டவில்லை. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். இடது கை உள்ளங்கையைத் தோலில் இழுத்துக் கும்மென்று ஒரு கும்காரம் கொடுத்தார் பாருங்கள், என் தொடையில் உணர்ந்தேன். பன்னிரண்டு வருடமாக இந்தக் காரில் இடது கை இல்லாதவர்களின் வாசிப்பைக் கேட்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து, கையில் ஸ்க்ரூடிரைவரோடு, தனி முடியும்வரை கேட்டேன். கடிகாரம் நின்றுபோனதை மனைவி மதியம்தான் பார்த்தாள்.

30 செப்டம்பர், திங்கள்

"உன் தொப்பி வந்தது சரி. என் ரேடியோ எங்கே?" என்றார் அப்பா. 101.4 மணலில் புரள்கிற மாதிரி கேட்கிறது. பழைய பெட்டியில் பளிச்சென்று வந்த ஸ்டேஷன்.

இன்னொன்றும் இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் பாட்டுக்குப் பின்னால் ஙொய்யென்று ஒரு ரீங்காரம். பக்கத்தில் இருந்த மனைவி, "தம்புராவா?" என்றாள். ஆக்சிலரேட்டரை மிதித்தேன். ரீங்காரம் மேலே ஏறியது. "சுருதி ஏறுகிறதே" என்றாள். அலுவலகம் போய்ச் சேரும்வரை பஞ்சமத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தோம்.

5 அக்டோபர், சனி

இரண்டு நோய்க்கும் ஒயர்தான் காரணம். ரீங்காரம் இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, அதனால்தான் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது. எர்த் ஒயரை பெயின்ட் அடித்த ஒரு பிராக்கெட்டில் முறுக்கி வைத்திருந்தார்கள். பெயின்டைச் சுரண்டி, காரின் வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்கியதும் தம்புரா நின்றுவிட்டது.

ரேடியோவுக்கு நீல ஒயர். கூரை ஆன்டெனாவின் அடியில் குட்டி ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கிறதாம். அதற்கு 12 வோல்ட் கொடுப்பது யூனிட்டின் நீல ஒயர். அது கப்ளரில் எதற்கும் இணையாமல் டேப் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இணைத்தோம். பாய் கூலி வாங்க மறுத்துவிட்டார். இரண்டு டீக்கு நான் கொடுத்தேன்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மகள் புது யூனிட்டின் குமிழுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். சமாதானம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

16 அக்டோபர், புதன்

நேற்று பெய்த மழையில் பள்ளிகளுக்கு விடுமுறை. வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டார்கள். என் காரும் அதில் ஒன்று. எல்லோருக்கும் இன்ஜினைப் பற்றிக் கவலை, எனக்குக் கதவைப் பற்றி. இன்று போய்ப் பார்த்தேன். கால் விரிப்பு காய்ந்திருக்கிறது. கதவின் அடித் துளைகளில் மூன்றிலிருந்தும் சொட்டு விழுந்துகொண்டிருக்கிறது, பிளேடால் திறந்ததிலிருந்தும்.

20 அக்டோபர், ஞாயிறு

ஒரு குறைதான் பாக்கி. பாடகர் எப்போதும் என் வலது முழங்கால் பக்கம் உட்கார்ந்து பாடுகிறார், வலது ஸ்பீக்கர் எனக்குக் கிட்டே இருப்பதால். அளவுநாடா எடுத்து அளந்தேன். வலது 85 சென்டிமீட்டர், இடது 135. அரை மீட்டர் வித்தியாசம். அதைக் கடக்க ஒலிக்குச் சுமார் 1.4 மில்லிசெகண்ட். யூனிட்டில் வலது ஸ்பீக்கரை அவ்வளவு தாமதப்படுத்தினேன். பாடகர் எழுந்து வந்து டேஷ்போர்டின் நடுவில், பிள்ளையாருக்குப் பின்னால் அமர்ந்தார். வயலின் அவருக்கு இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம். காரை எங்கும் எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஒன்றரை மணி நேரம்.

27 அக்டோபர், ஞாயிறு

அத்தையைப் பார்க்கச் செங்கல்பட்டுக்கு. அப்பா முன்சீட்டில். பெருமையோடு கச்சேரியைப் போட்டேன். தாம்பரம் வருவதற்குள் மூன்று முறை நெளிந்தார்.

"பாட்டு முழுக்க என் கால் பக்கத்திலிருந்து வருகிறது. உன் பக்கத்து ஸ்பீக்கர் போய்விட்டதா?"

நியாயம்தான். என் காதுக்காக வலதைத் தாமதப்படுத்தினால், இடது பக்கம் உட்கார்ந்தவருக்கு இரண்டு மடங்கு கோணல். சிக்னலில் நின்றபோது தாமதம் எதுவும் இல்லாத அமைப்பை 2-ம் எண்ணில் பதிந்தேன். பாடகர் எழுந்து மறுபடி என் வலது கதவுக்குள் போய்விட்டார்.

"இப்போது?"

"இப்போது சரி." குமிழைத் தானே திருகி இன்னும் கொஞ்சம் கூட்டினார். பிறகு கச்சேரியை நிறுத்தி ரேடியோவுக்கு மாற்றினார்.