தொழிலாளர் பொருளாதாரத்தில் எம்.ஏ. ஆய்வேடு: தரவைவிட அலுவலகம்தான் படுத்தியது

ஆய்வேட்டை ஒப்படைத்து, வைவாவும் (வாய்மொழித் தேர்வு) முடிந்துவிட்டது. ஆனாலும் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்க அலைந்ததை நினைத்தால் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி (பிஎல்எஃப்எஸ்) 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் சேர்ந்து 2017-18இல் 23.3 சதவீதம், 2022-23இல் 37 சதவீதம். இந்த ஏற்றத்தில் கூலியே இல்லாமல் குடும்பத் தொழிலில் உதவும் பெண்களின் பங்கு எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. கைடு உடனே சரி என்றார். தரவும் இலவசம்தான், புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அலுவலகத்தில் சினாப்சிஸை வாங்கவே மறுத்துவிட்டார்கள். "டேட்டா கொடுத்தவங்க கையெழுத்துப் போட்ட லெட்டர் எங்கேம்மா? அது இல்லாம ஃபைல் நகராது." அது மில்லிலோ கம்பெனியிலோ போய் சர்வே எடுப்பவர்களுக்கான விதி, இது யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய அரசுத் தரவு என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. புள்ளியியல் அலுவலகத்துக்குப் போய் வாங்கி வா என்றார்கள். வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போனால், அங்கே இருந்த அதிகாரி, பாவம் மரியாதையாகத்தான் பேசினார், தனி ஆளுக்கு அப்படிக் கடிதம் தரும் வழக்கமே இல்லை என்றார். திரும்பி வந்தால் நம் கிளார்க் லீவு, கடைசித் தேதியோ நெருங்கிவிட்டது.

கடைசியில் தளத்தின் பயன்பாட்டு நிபந்தனைப் பக்கத்தையும் பதிவு செய்ததற்கு வந்த மெயிலையும் பிரிண்ட் எடுத்து, கைடின் கையெழுத்து வாங்கி, நேராகத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். அன்றைக்கே சீல் விழுந்தது! நீங்கள் முதல் நாளே இவற்றைச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், சீல் போட்ட நகலையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தரவு. தலைப்பே இல்லாத டெக்ஸ்ட் கோப்பு, நான்கு லட்சத்துக்கும் மேல் வரிகள், எந்த இடத்தில் எந்த விவரம் என்பது தனி லேஅவுட் கோப்பில் இருக்கும். எங்கள் லேபில் ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்தது, புதுப்பிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், இலவசமான 'ஆர்' மென்பொருள் போதும். மல்டிபிளையரை (மாதிரியிலிருந்து மொத்த மக்கள்தொகைக்குக் கணக்கிட ஒவ்வொரு வரியிலும் உள்ள எடை) அப்படியே போடக்கூடாது: அதே வரியில் இருக்கும் என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்ற இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் 100ஆலும் இல்லையென்றால் 200ஆலும் வகுத்து, காலாண்டு எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். முதன்மை நிலையோடு (ஆண்டில் அதிக காலம் இருந்த நிலை) துணை நிலையையும் (இடையில் கொஞ்ச காலம் செய்த வேலை) சேர்த்து எண்ணுங்கள், இல்லையென்றால் பெண்கள் கணக்கில் நிறைய பேர் விட்டுப்போவார்கள். வெளியான அறிக்கையின் எண் வரும்வரை அடுத்த அட்டவணைக்குப் போகவே வேண்டாம். எனக்கு 37.0 வந்தபோது நள்ளிரவு, அறைத்தோழியை எழுப்பிச் சொன்னேன்.

வைவாவில் முதல் கேள்வியே 2011-12இல் நடந்த பழைய வேலைவாய்ப்புக் கணக்கெடுப்போடு ஏன் ஒப்பிடவில்லை என்பதுதான். பிஎல்எஃப்எஸ்ஸில் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையே வேறு, வீட்டில் பத்தாவதோ அதற்கு மேலோ படித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துப் பிரிப்பார்கள், அதனால் நேரடியாக ஒப்பிடுவதைத் தவிர்த்தேன் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். இந்தப் பதிலை ஆய்வேட்டிலேயே ஒரு பத்தியாக எழுதி வைத்துவிடுங்கள்.