எல்லைகளைத் தேடி அக்காவுடன் ஒன்பது நாள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் என் அக்கா சமூக அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் உலகப்போரையும் வெர்சேல்ஸ் உடன்படிக்கையையும் பதினோரு ஆண்டுகளாக நடத்திவரும் அவள், அந்தப் பாடத்தில் வரும் ஊர்களில் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. முதுகலைப் படிப்புக்கு எனக்கு ஜெர்மனியின் ஆகன் நகரில் இடம் கிடைத்ததும், "கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் தம்பி, ஆனால் நேரே ஆகனுக்குப் போக வேண்டாம்; போகிற வழியில் எல்லைகளைப் பார்த்துக்கொண்டே போவோம்" என்றாள்.

மாணவர் விசா வாங்க பிளாக்டு அக்கவுண்ட் என்ற தனி வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோவைக் கட்டிவைக்க வேண்டும். அதை மாதத்துக்கு 992 யூரோவாகத்தான் எடுக்க முடியும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அக்காவின் நகைக்கடன். அதனால் பயணத்தைச் சிக்கனமாகவே திட்டமிட்டோம். என்னிடம் நீண்டகாலத் தங்கலுக்கான விசாவும் அவளிடம் சுற்றுலா விசாவும் இருந்தன. பள்ளிக் கல்வித்துறையின் தடையில்லாச் சான்றையும் பெற்றுக்கொண்டு, 2025 செப்டம்பர் இறுதியில், காலாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்கியதும் புறப்பட்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்திறங்கினோம்.

முதலில் சென்றது பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க். 142 மீட்டர் உயரமுள்ள அதன் பேராலயக் கோபுரத்தை அக்கா அண்ணாந்து பார்த்தாள் என்றாலும், அவள் தேடி வந்தது வேறு. 1870இல் இந்த ஊரில் பிறந்து, வீடு மாறாமல், எழுபத்தைந்து வயது வரை வாழ்ந்த ஒருவர் பிரெஞ்சுக்காரராகப் பிறந்து, 1871இல் ஜெர்மானியராகி, முதல் போருக்குப் பின் மீண்டும் பிரெஞ்சுக்காரராகி, 1940இல் ஜெர்மானிய ஆட்சிக்குள் போய், 1944இல் அந்த ஊர் மீட்கப்பட்டபின் மறுபடி பிரெஞ்சுக்காரராகியிருப்பார் என்று வகுப்பில் சொல்வது அவள் வழக்கம். அந்த மனிதருடைய தெருவில் நடக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

அங்கே குடியரசுச் சதுக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. ஜெர்மானியப் பேரரசு கட்டி, பேரரசர் சதுக்கம் என்று பெயரிட்டிருந்த இடம் அது. அதன் நடுவில் 1936இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. ஒரு தாய், சாகும் நிலையிலுள்ள இரு மகன்களைத் தாங்கியபடி அமர்ந்திருக்கிறாள். ஒருவன் பிரான்சுக்காகவும் மற்றவன் ஜெர்மனிக்காகவும் போரிட்டவர்கள். எந்தப் படையின் சீருடையும் தெரியாதபடி இருவரையும் சிற்பி ஆடையின்றியே வடித்திருக்கிறார். கீழே "எங்கள் இறந்தோருக்கு" என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறது. மற்ற பிரெஞ்சு ஊர்களின் சின்னங்களில் வழக்கமாகக் காணப்படும் "பிரான்சுக்காக" என்ற சொல் இங்கே இல்லை, ஏனென்றால் இந்த ஊர்ப் பிள்ளைகளில் மிகப் பலர் ஜெர்மானியப் படையில் சேர்க்கப்பட்டுத்தான் இறந்தார்கள்.

சிற்பத்தைச் சுற்றி வந்து பார்த்தபோதுதான் அந்த இரு மகன்களின் கைகளும் ஒன்றையொன்று பற்றியிருப்பதைக் கவனித்தேன். அக்கா அதற்கு முன்பே கவனித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். சிறிது நேரம் கழித்து, "இந்தப் பாடத்தை இத்தனை வருஷம் தேதிகளாகவே நடத்திவிட்டேன்டா" என்றாள். அவளுடைய வகுப்பில் படித்தவன் என்ற முறையில், அது உண்மை இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனாலும் அந்த இடத்தில் அவளோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.

அன்று மாலை ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் ஊருக்குப் போகும் டிராமில் ஏறினோம். 2017 முதல் ஓடும் இந்த டிராமில் ஏறியவர்களில் பலர் கையில் காலிப் பைகளை வைத்திருந்தார்கள். விலை குறைவு என்பதால் பிரெஞ்சுக்காரர்கள் அக்கரைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறார்கள். கேலில் இரண்டு காவலர்கள் ஏறிக் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மீண்டும் சோதனை செய்கிறது. என் விசாவையும் அக்காவின் விசாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பகுதியில் பயணம் செய்யும் நம் மாணவர்கள் கடவுச்சீட்டை அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ட்ரியரில் ஒரு நாள்தான் இருந்தோம். ரோமானியர் கட்டிய கருங்கோட்டை வாயிலையும் கார்ல் மார்க்ஸ் பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டு, பேர்ல் என்ற சிற்றூருக்கு ரயிலேறினோம். நிலையத்திலிருந்து மோசல் ஆற்றுப் பாலத்தில் நடந்தால் அக்கரையில் ஷெங்கன். நம் விசாவின் மேல் அச்சிட்டிருக்கும் அந்தப் பெயர், திராட்சைச் சரிவின் அடியில் கிடக்கும் ஒரு சின்னக் கிராமத்தின் பெயர் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்! 1985 ஜூன் 14 அன்று பெல்ஜியம், பிரான்ஸ், லக்சம்பர்க், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகளும் தங்களுக்கிடையேயான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்கும் உடன்படிக்கையில், இங்கே ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் கையெழுத்திட்டன. ஜெர்மனிக்கும் லக்சம்பர்க்குக்கும் நடுவே ஓடும் மோசல், இரண்டுக்கும் பொதுவானது. நடு ஆற்றில் கோடு எதுவும் கிடையாது. காவிரி நீருக்காக அடித்துக்கொள்ளும் செய்திகளோடு வளர்ந்த அக்காவுக்கு அது நெடுநேரம் வியப்பாகவே இருந்தது. ஷெங்கனில் பேருந்து ஏறியதும் டிக்கெட் எடுக்க யாரைக் கேட்பது என்று தேடினாள்; லக்சம்பர்க்கில் 2020 முதல் பொதுப் போக்குவரத்து இலவசம்.

பெல்ஜியத்தின் லியேஜ் வழியாக அக்டோபர் 2 இரவு ஆகன் வந்து சேர்ந்தோம். மறுநாள் எனக்குப் பாத்திரமும் போர்வையும் வாங்கலாம் என்று கிளம்பினால் கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றிணைந்த நாள். 1990இல் ஓர் எல்லை அழிந்த நாள். பக்கத்து நெதர்லாந்து ஊரான வால்ஸுக்குப் பேருந்தில் போய் ஒரு வாணலியும் வாளியும் வாங்கினோம். அவற்றைத் தூக்கிக்கொண்டே ஊருக்கு மேலிருக்கும் குன்றில் ஏறி, ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகள் சந்திக்கும் இடத்தில் நின்றோம். முன்பு நான்காவதாக ஒரு நிலமும் அங்கே வந்து முட்டியது: துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று தீராததால், நடுநிலை மோரெஸ்நெட் என்ற பெயரில் 1816 முதல் 1920 வரை தனியே விடப்பட்டிருந்த ஒரு துண்டு. அக்கா வாணலியைத் தரையில் வைத்துவிட்டு, தன் குறிப்பேட்டில் அதன் வரைபடத்தை வரைந்துகொண்டாள்.

அக்டோபர் 4 காலை ஆகன் நிலையத்தில் அவளை ஃபிராங்க்ஃபர்ட் ரயிலில் ஏற்றிவிட்டேன். வீட்டு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிந்துவிட வேண்டும் என்பதைக் கதவு மூடும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து நாள் கழித்து அவளுடைய வகுப்புக் கரும்பலகையின் படம் வந்தது: ரைன் ஆறு, இரு கரையிலும் இரண்டு ஊர்கள், நடுவில் ஒரு டிராம். மோரெஸ்நெட்டின் பழைய எல்லைக் கற்கள் சில இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன, படமெடுத்து அனுப்பு என்று கீழே எழுதியிருந்தாள். இந்தச் சனிக்கிழமை போகிறேன்.