ஒரு எண் தப்பு, பதினோரு நாள் அலைச்சல்

கத்திரி வெயிலில் தஞ்சாவூரிலிருந்து திருச்சி திரும்பும்போது, வல்லம் தாண்டியதும் என் கார் ஏ.சி.யில் கடகடவென்று சத்தம். அப்புறம் அனல் காற்றுதான். வழியில் ஒரு மெக்கானிக் “திறந்து பாத்துடலாம்மா” என்றார். நல்லவேளை, விடவில்லை. சர்வீஸ் சென்டரில், வெளியில் யாராவது திறந்தார்களா என்று முதலில் தேடியதே நட்டில் ஸ்பேனர் பட்ட தடம்தான்.

கம்ப்ரஸர் ஜாம். எஸ்டிமேட் 41,300 ரூபாய். கம்பெனியின் மூன்று வருட வாரண்டி முடிந்தாலும், 15,800 கட்டி நீட்டித்தது இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். “30,000 கிலோமீட்டர் சர்வீஸ் சிஸ்டத்துல இல்ல மேடம், வாரண்டி வராது. வெளியில பண்ணிட்டீங்க போல” என்றார் அட்வைசர். நான் விடாமல் கேட்டதும், “சாரை ஒரு தடவை வரச் சொல்லுங்களேன்.” வண்டி என் பேரில், லோன் கட்டுவதும் நான். சார் எதற்கு?

அந்த சர்வீஸை மதுரையில், அதே கம்பெனியின் டீலரிடம்தான் செய்திருந்தேன். போன் செய்தால் “நேர்ல வாங்க” என்றார்கள். லீவு போட்டு, பஸ் பிடித்து, மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோவில் போய் நின்றால், “திருச்சியிலிருந்து மெயில் வரணும், உங்க கையில தர முடியாது.” இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் வண்டியின் டேஷ்போர்டு பெட்டியைக் குடைந்தேன். பழைய புகைச் சான்றிதழுக்கு அடியில், மடிப்பில் கிழியத் தொடங்கிய மதுரை பில்! வண்டி எண் சரி, 29,640 கிலோமீட்டர் சரி. வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணில் மட்டும் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3. அதனால்தான் அந்த சர்வீஸ் சிஸ்டத்தில் என் வண்டிக்குக் காட்டவில்லை. ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அட்வைசர் பேசவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கப்போகிறேன் என்றதும் அன்று மாலையே மெயில் போனது. பதினோராம் நாள் கிளெய்ம் பாஸ்.

ஏ.சி. கேஸும் ஆயிலும் வாரண்டியில் சேராது, அதற்கு ஜி.எஸ்.டி.யோடு 3,186 கட்டினேன். கிளட்ச் பிளேட், பிரேக் பேட் போனாலும் நம் காசுதான். எலி வயரைக் கடித்தால் இன்சூரன்ஸ் பக்கம் போக வேண்டும். இனி ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்ட பிறகுதான் சாவியை வாங்குவேன்.

வண்டியை எடுத்த மறுநாள் போன் வந்தது. “சர்வீஸ் எப்படி மேடம்? பத்துக்குப் பத்து போட்டுடுங்க.”

நாலு போட்டேன்.